சந்தன வேம்பு வாய் மூடிய வருஷம்

"மரம் நடுவேலியில நிக்குது மதினி, நிழல் ரெண்டு பக்கமும் விழுது, வெட்டும்போது மட்டும் அது எப்படி உங்க மரமாச்சு?"

என் நாத்தனார் சேசுராணி இதைச் சொன்னது ஒரே ஒரு தடவைதான். நான் எத்தனை தடவை கேட்டேன் என்றால் அதற்குக் கணக்கில்லை, ஏனென்றால் சொன்ன இடத்தைவிட்டு அது நகரவே இல்லை. எங்கள் காப்பித் தோட்டத்துக்கும் அவள் காப்பித் தோட்டத்துக்கும் நடுவே, கம்பி வேலிக்கு மேலே, என் நெஞ்சு உயரத்தில், உலைப்பானையைத் திறந்தால் எழும்புகிற ஆவி மாதிரி சாம்பல் நிறத்தில் அந்த வாக்கியம் நின்றது. காலையில் கோழிகளைத் திறந்துவிட அந்த வழியாகப் போனால், அவள் குரலிலேயே, அவள் எப்போதும் வாயில் அடக்கிக்கொண்டிருக்கும் கிராம்பின் வாசனையோடு, "உங்க மரமாச்சு" என்று என் காதில் வந்து முடியும். துணி காயப்போடப் போனாலும் அதுதான், எடுக்கப் போனாலும் அதுதான். எனக்குப் பொறுமை என்கிற சாமானைக் கடவுள் படைக்கும்போதே வைக்கவில்லை. முதல் வாரத்திலேயே விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய் அதை அடித்துப் பார்த்தேன். கலைந்தது, பிறகு பழையபடி கூடிக்கொண்டு, முன்னைவிடத் தெளிவாகச் சொன்னது.

சண்டை எதனால் என்றால், அந்தோணியார் திருவிழாவால். எங்கள் ஊர் கடுக்காய்மேட்டில் கொடி இறக்கிய மறுநாள்தான் நிழல் மரங்களைக் கிளை கழித்துக் கவாத்துப் பண்ணுவது வழக்கம், ஏனென்றால் திருவிழாவுக்குக் கீழ்நாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் கையில் அரிவாளோடு அன்றைக்கு மலையில் இருப்பார்கள், கூலி மிச்சம், கறிச்சோறு போட்டால் போதும். கோடை மழை பெய்து மரம் குளிர்ந்த பிறகுதான் கிளையில் கை வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் சித்திரையில் ஒரு தூறல் இல்லை, வைகாசியில் மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது, ஆனாலும் கொடி இறங்கியது, அரிவாள்கள் மரம் ஏறின. கேட்டால், சொந்தக்காரர்கள் ஊருக்குத் திரும்ப பஸ் பிடிக்க வேண்டுமாம். பஸ்ஸுக்காக மரத்தை வெட்டின ஊர் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அதில் வேலியில் நிற்கிற சந்தன வேம்பும் மொட்டையானது. காப்பி வருவதற்கு முன்னால் இங்கே காடு இருந்ததே, அந்தக் காட்டின் மரம் அது. என் வீட்டுக்காரர் அருளப்பனும் அவர் தங்கை சேசுராணியும் பாகம் பிரிக்கும்போது நிலத்தைப் பிரித்தார்கள், கிணற்றைப் பிரித்தார்கள், மரத்தைப் பிரிக்கத் தெரியாமல் அதன் வயிற்றிலேயே கம்பியை அடித்து வேலியாக்கினார்கள். சேசுராணி வத்தலக்குண்டு சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் ஏறி இரண்டு பக்கமும் கழித்துவிட்டார்கள். திரும்பி வந்து அவள் கேட்டதைத்தான் முதல் வரியில் சொல்லிவிட்டேன். எனக்கு வந்ததே கோபம். பதிலுக்கு, வெட்டிப்போட்ட கிளை எல்லாவற்றையும், தடிக்கட்டையிலிருந்து சுள்ளி வரைக்கும், ஆள் வைத்து அவள் பக்கம் தூக்கிப் போடச் சொன்னேன். மரமே வேண்டும் என்கிறாளே, அடுக்கி வைத்துக்கொள்ளட்டும். அடுக்கியும் வைத்துக்கொண்டாள். அந்த அடுக்குத்தான் பின்னால் என் வீட்டைப் பிடித்து உலுக்கப்போகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நின்றது சேசுராணியின் வாக்கியம் மட்டும் இல்லை. இரண்டு நாளில் ஊரெல்லாம் நின்றது. டீக்கடை பெஞ்சுக்கு மேலே தேர்தல் பேச்சு நின்றது. கோயிலில் பிரசங்கம் பீடத்துக்கும் முதல் வரிசைக்கும் நடுவே தொங்கியது. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வாய்ப்பாடு கரும்பலகைக்கு முன்னால் அப்படியே மிதந்து, கணக்கில் தேறாத பிள்ளைகள்கூட அந்த வருஷம் தேறின. இலைகள் வாயை மூடிக்கொண்டுவிட்டன, அதுதான் விஷயம். நாங்கள் கான்வென்ட்டில் படிக்கும்போது சிஸ்டர் பெனிஞ்ஞா இலைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் இருக்கின்றன என்று படம் போடச் சொல்லுவார், ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு உதடு, இரண்டு அவரை விதையை முகம் பார்க்க வைத்த மாதிரி. நாம் வெளியே விடுகிற மூச்சை அந்த வாய் வாங்கிக்கொள்கிறது, வெயிலைப் போட்டுச் சமைக்கிறது, மரக்கட்டையாக்கி வைத்துக்கொள்கிறது. ஆனால் வாயைத் திறந்தால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அதனால் வேரில் ஈரம் இல்லாத காலத்தில் மரம் வாயை மூடிக்கொண்டு, ஏற்கெனவே சேர்த்துவைத்ததைத் தின்றுகொண்டு பசியோடு கிடக்கும். அரிசி வாங்கக் கையில் காசு இல்லாத வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு பானையிலிருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்துச் சாப்பிடுவார்களே, அப்படி. மூச்சை வாங்க ஆள் இல்லாதபோது மூச்சில் ஏறிப் போன சொல் எங்கே போகும்? நின்றது.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று ஊர் நினைத்துவிட்டது, அதுதான் எங்கள் ஊர். மழை இல்லாவிட்டால் கிணறு வற்றும், மாடு மெலியும், சொல் நிற்கும், அவ்வளவுதான். பஞ்சாயத்துத் தலைவர் வெள்ளையன், மைக் இல்லாமல் சோறுகூடக் கேட்காத மனிதர், கூட்டம் போட்டு இனிமேல் கூட்டம் கிடையாது என்று அறிவித்தார், அந்த அறிவிப்பும் அவர் தலைக்கு மேலேயே நின்றுவிட்டதால் அப்புறம் போனவர்களுக்கெல்லாம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஃபாதர் ஆரோக்கியநாதன் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பூட்டுப் போட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, முந்தின சனிக்கிழமை அதற்குள் போய் முட்டி போட்டவர்கள் எல்லோருக்கும் ஏன் என்று தெரியும், இரண்டு குடும்பங்கள் அதோடு பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தன. அதன் பிறகு பாவத்தைச் சொல்ல வேண்டியவர்கள் ஃபாதரோடு காலை பஸ்ஸில் ஏறி, கடைசிக் கொண்டை ஊசி வளைவு தாண்டி வெக்கை அடிக்கிற, சொல் நிற்காத இடத்தில் சொல்லிவிட்டு, எதிர் பஸ்ஸில் திரும்பினார்கள். புருஷன் பெண்டாட்டிச் சண்டைக்கும் அதே பஸ்தான். சண்டை வருகிற மாதிரி இருந்தால் ஒருவர் பையைத் தூக்குவார், மற்றவர் செருப்பைத் தேடுவார், வாயைத் திறக்காமல் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கீழே போய், வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கழிப்பறைச் சுவர் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, ஆளுக்கொரு பரோட்டாவைத் தின்றுவிட்டு மேலே வருவார்கள். கண்டக்டர் "சண்டை டிக்கெட்டா, சந்தை டிக்கெட்டா" என்று கேட்பான்.

வீட்டுக்குள் நின்றதைப் பெண்கள் நாங்கள் முறத்தால் விசிறி, விளக்குமாற்றால் தள்ளி, காட்டின் ஓரம் வரைக்கும் கொண்டுபோய் விட்டோம். காடும் வாங்கவில்லை. ரேஷன் கடை திறக்காத அன்றைக்கு வாசலில் பைகளோடு நிற்கிற கூட்டம் மாதிரி எங்கள் சொற்கள் எல்லாம் சோலையின் ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன, சாயங்காலக் காற்று கீழே இறங்கும்போது பாதி திரும்பி வீட்டுக்கே வந்தன. காட்டுக்குள் நின்று காதைக் கொடுத்தால் டிக், டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். வேரிலிருந்து உச்சிக்கு இழுக்கிற தண்ணீர் நூல் மாதிரி இருக்குமாம், தாகத்தில் இழுத்து இழுத்து அது உள்ளுக்குள்ளே அறுந்துபோகிற சத்தம். பகலெல்லாம் மலை முழுக்க நூல் அறுந்துகொண்டிருந்தது.

நல்ல நெஞ்சு உள்ளவர்களுக்கு இதெல்லாம் தலைவலியோடு போயிற்று. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு நல்ல நெஞ்சு இல்லை. வருஷக்கணக்காகக் காப்பிக்கொட்டை உமி பறக்கிற மில்லில் நின்றவர், உமி எல்லாம் அவருக்குள் போய்க் குடியேறிவிட்டது. சொற்கள் சேரச் சேர, காற்றில் இவருக்கான இடம் குறைந்துகொண்டே வந்தது. படுத்தால் முடியவில்லை, தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினார், ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து வாளி இழுக்கிற மாதிரி இழுத்தார். திண்டுக்கல்லில் என் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பட்டறைத் தூசியும் லாரிப் புகையும் சேர்ந்து, போனதைவிட மோசமாகத் திரும்பி வந்தார். கீழே உள்ள டாக்டர், தூசி இல்லாத இடத்தில் வையுங்கள், மலைக்காற்று நல்லது என்று சொன்னார். மலைக்காற்று எப்படி இருக்கிறது என்று அவரைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் போலிருந்தது.

ஆக, அந்த வீட்டில் பேச்சு குறைய வேண்டும். அருளப்பன் பேசுகிற ஆள் இல்லை, அவர் நாள் முழுக்கப் பேசுவதை ஒரு டம்ளரில் பிடித்துவிடலாம். பேசுகிற ஆள் நான். கல்யாணமான நாளிலிருந்து நான் பேசி அவர் கேட்டு அப்படியே போய்க்கொண்டிருந்த குடித்தனம். இனி நான் ஒரு சொல் சொன்னால் அது அவர் நெஞ்சின் மேல் ஏறி உட்காரும். வாயைத் தைத்துக்கொண்டேன். வேறு வழியில்லாமல் பாத்திரத்தால் பேசக் கற்றுக்கொண்டேன், ஏனென்றால் பாத்திரச் சத்தத்தில் மூச்சு இல்லை, அது நிற்காது. கரண்டியை இட்லிச் சட்டியில் ஒரு தட்டு தட்டினால் சாப்பாடு தயார். மூடியைத் தரையில் சுழலவிட்டால் எனக்குக் கோபம். பால் குக்கரை மேடையில் வைக்கிற தோரணையிலேயே அவர் தங்கையைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பதை முழுசாகச் சொல்லிவிடுவேன். அவர் புரிந்துகொண்டு ஒரு நாள் சிரித்தார். சிரிப்பும் மூச்சுத்தானே, அது அலமாரிக்கு மேலே போய் நின்றது, அன்றைக்கு மத்தியானம் முழுக்க அவர் இருமினார். அதன் பிறகு நான் சட்டியைக்கூட மெதுவாகத்தான் வைத்தேன்.

அப்போதுதான் விறகு காய்ந்தது.

முதலில் டீக்கடை ராயப்பன்தான் கவாத்துப் பண்ணின கட்டையை அடுப்பில் வைத்தான். கட்டை பற்றியதும் புகையோடு சேர்ந்து ஒரு குரல் வந்தது, "சக்கரை கம்மியாப் போடு" என்று. அது அவன் செத்துப்போன சித்தப்பா குரல். மரம் வாய் திறந்திருந்த வருஷங்களில் வாங்கிக்கொண்ட மூச்செல்லாம் உள்ளே கட்டையாக இருக்கிறதே, எரித்தால் வெளியே வந்துதானே ஆக வேண்டும். வந்தது. அன்றைக்குச் சாயங்காலமே ஊரில் எரியாத அடுப்பு இல்லை. மேல்பட்டையில் போன வருஷத்துப் பேச்சு, உள்ளே போகப் போகப் பழைய பேச்சு, நடுக்கட்டையில் யாருக்கும் அடையாளம் தெரியாத குரல்கள், காடு வெட்ட வந்தவர்களுடையதாக இருக்கலாம். செத்தவர்கள் ஒருத்தர்கூட முக்கியமாக எதுவும் சொல்லவில்லை. மாட்டை அவிழ்த்துக் கட்டு, ஏணியைப் பிடி, நாளைக்கு எண்ணெய் வாங்கணும், அவ்வளவுதான். அதைக் கேட்கத்தான் ஜனங்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். எரித்ததும் புதுச் சொல் மாதிரியே நின்றது, போக இடம் இல்லை, ஆக இருக்கிறவர்களின் பேச்சோடு செத்தவர்களின் பேச்சும் சேர்ந்து ஊர்க்காற்று கஞ்சி மாதிரி ஆயிற்று. கோயிலில் மெழுகுவர்த்தி நின்று எரியாமல் அணைந்தது. வெள்ளையன் வீடு வீடாகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, விறகு வேண்டாம் என்று சைகை காட்டினார். கீழிருந்து கேஸ் சிலிண்டர் லாரி ஏறி வந்தது. ஊர் கேட்டுக்கொண்டது. அழுது முடித்தவர்களுக்குக் கேட்டுக்கொள்வது சுலபம்.

சேசுராணி கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் புருஷன் இன்னாசி, காய்ச்சலில் படுத்து மூன்றாம் நாள் போனவர், சொல்லிக்கொண்டு போகக்கூட நேரமில்லாத சாவு. பிள்ளைகள் இல்லை. அந்த மனிதருக்கு ஒரு பழக்கம், வேலை முடிந்தால் சந்தன வேம்பில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, வீட்டுக்குள் இருக்கிற பெண்டாட்டியோடு அங்கிருந்தே கத்திக் கத்திப் பேசுவார். ஒரு தடவை நான்கூடச் சொல்லியிருக்கிறேன், அண்ணே, மரத்துக்கே காது வலிக்கும் என்று. மரம் எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கிறது. அந்த மரத்தின் கிளைகள் அத்தனையும் அவள் வீட்டுப் பின்புறம் இருந்தன. தூக்கிப் போடச் சொன்னது நான்.

சாயங்காலமானால் அவள் ஒரு கட்டையை வைப்பாள். வேலிக்கு அந்தப் பக்கம் புகை எழும்பும், இன்னாசி அண்ணன் குரல் வரும். "சேசு, தண்ணி கொண்டா." "சேசு, அந்த ஆட்டைப் பாரு." "சேசு, என்ன கொழம்பு?" அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுவாள், பருப்புக் கொழம்பு என்று. மலைக்காற்று இறங்குகிற நேரம் அது. அந்தத் தண்ணி கொண்டாவும் பருப்புக் கொழம்பும் ஒன்றன்மேல் ஒன்றாக வேலியைத் தாண்டி எங்கள் அறைக்குள் வந்து, அருளப்பனின் கட்டிலைச் சுற்றி நிற்கும். நான் ஜன்னலைச் சாத்தினேன், இடுக்கில் துணியை அடைத்தேன், ஓட்டின் சந்து வழியாக வந்தது. அவர் நகம் நீலமாக ஆரம்பித்தது.

நான் யாரிடமும் போய்க் கேட்டுப் பழக்கமில்லாதவள். போனேன். வேலியில் நிற்கிற பழைய வாக்கியத்துக்குள் புகுந்து, அதன் உங்க மரமாச்சைக் காதில் வாங்கிக்கொண்டு, அவள் பின்வாசலில் போய் நின்றேன். சேசுராணி அரிவாளால் ஒரு கட்டையைப் பிளந்துகொண்டிருந்தாள். அடுக்கு முடிந்துபோயிருந்தது. சுவர் ஓரமாக ஒரே ஒரு கட்டை, தொடை கனத்துக்கு, தனியாகச் சாய்த்து வைத்திருந்தது.

சொல்லைச் செலவு பண்ணாமல், அவள் அண்ணன் இருக்கிற நிலையைக் கையாலும் கண்ணாலும் காட்டினேன். அவள் பார்த்தாள். தெரியும் என்று தலையாட்டினாள். அந்தத் தனிக்கட்டையைக் காட்டி, அதுவும் போய்விட்டால் நிறுத்திவிடுவேன் என்றாள், மெதுவாகத்தான், கெஞ்சலாகத்தான். நாளை மறுநாள் இன்னாசியின் நினைவு நாளாம், அன்றைக்கு அதை வைக்கப்போகிறாளாம், அதுதான் அவர் சாய்ந்து உட்கார்ந்த இடத்துக்கு நேர் மேலே இருந்த கிளையாம், கல்யாணமான புதிதிலிருந்து பேசினது எல்லாம் அதில்தான் இருக்குமாம். இந்த வருஷம் எரிச்சா அது போகாது மதினி, வீட்டுலயே நிக்கும், நான் பாட்டுக்கு அதுக்குள்ள நடந்துக்கிட்டு இருப்பேன் என்றாள். மழை வந்துவிட்டால் எரித்த நிமிஷமே மரம் மறுபடியும் எடுத்துக்கொண்டுவிடும். அதையும் அவள் யோசித்து வைத்திருந்தாள்.

அவ்வளவு பெரிய கட்டை. அன்றைய காற்றில்.

"செத்தவரு கொழம்பு கேக்கறதுக்காக இருக்கிற மனுஷனைக் கொல்லுவியா?" என்றேன்.

அத்தனை வாரமாக மூடி வைத்திருந்த வாய், திறந்ததும் அது வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே முகத்துக்கு நேராக நின்றது. சேசுராணி அதன் வழியாக என்னைப் பார்த்தாள், அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. "உங்களுக்கு மூச்சாவது இருக்கு, பக்கத்துல உக்காந்து எண்ணிக்கிட்டு இருக்கீங்க," என்றாள். "எனக்கு இருக்கிறது இந்தக் கட்டை." அரிவாளைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் திரும்பி வரும்போது வேலி வாக்கியம் மறுபடியும் காதில் சொன்னது.

வீட்டில் அருளப்பன் விழித்திருந்தார். அந்த மெல்லிய சுவர்களுக்கு எதுவும் மறையாது, எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கையை அசைத்து என்னைக் கிட்டக் கூப்பிட்டார். வேண்டாம், பேசாதீங்க என்று அவர் வாய்க்கு நேரே கையைக் கொண்டுபோனேன், என் கையைப் பிடித்துத் தள்ளினார். "அவ எரிக்கட்டும்," என்றார். அதைச் சொல்லவே ஒரு மலை ஏறின மாதிரி இரைத்தது. இரைப்பு அடங்கும் வரைக்கும் காத்திருந்து, அடுத்ததைச் சொன்னார். "நீ பேசு ஜசிந்தா. நீ பேசாத வீட்டுல எனக்கு இருந்து பழக்கமில்ல."

அவர் சொன்னது கட்டிலுக்கு மேலே, கொசுவலை கட்டுகிற கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றது. மற்ற எல்லாவற்றையும் முறத்தால் விரட்டினேன், அதை விரட்டவில்லை. மூச்சை அடைக்கிறவற்றில் அதுவும் ஒன்றுதான் என்று தெரிந்தும் விட்டுவைத்தேன். இருமல் மருந்தை எடுக்கப் போகிற சாக்கில் ஸ்டூல் போட்டு ஏறி அதற்குள் தலையை நீட்டுவேன். பழக்கமில்ல என்று சொல்லும். இறங்குவேன்.

நினைவு நாள் வந்தது. காலையிலிருந்து நான் ஜன்னல் ஓரத்தைவிட்டு நகரவில்லை. அருளப்பன் உதடு கறுத்துக் கிடந்தார், மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே ஒரு ஜெபமாலை மணி நகர்த்துகிற நேரம் ஆனது, ஒவ்வொரு தடவையும் அடுத்தது வராது என்றே நினைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் சேசுராணி குளித்து, வெள்ளைப் புடவை கட்டி, முற்றத்தில் கல்லை முக்கோணமாகக் கூட்டினாள். கட்டையைத் தூக்கி வந்தாள். தீப்பெட்டியை எடுத்தாள். எங்கள் ஜன்னலைப் பார்த்தாள், நான் நிற்பதைப் பார்த்தாள். நான் கும்பிடவில்லை, கையைக்கூட ஆட்டவில்லை. அவ எரிக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டார், அதை மீறி வேண்டாம் என்று சொல்ல வாய் எழும்பவில்லை, சரி என்று தலையாட்டவும் கழுத்து வரவில்லை. அவள் உட்கார்ந்தாள். வெயில் ஏறி, ஏறி, உச்சியில் நின்றது. தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தே இருந்தாள். மலையில் நூல் அறுகிற சத்தம் மட்டும்.

பிறகு எழுந்து, அந்தக் கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு, வேலியைத் தாண்டி, எங்கள் சமையல்கட்டு வாசலில் கொண்டுவந்து பொத்தென்று போட்டாள்.

"நீங்களே வெச்சுக்கங்க," என்றாள். "என் கண்ணுல பட்டா அடுப்புல வெச்சிருவேன்."

அண்ணனைப் பார்க்க உள்ளே வரவில்லை. என்னையும் பார்க்கவில்லை. போய்விட்டாள்.

மழை அதற்கு மறுநாளோ அதற்கும் மறுநாளோ வந்தது, நான் ஜெபமாலை மணியைத் தவிர வேறு எதையும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. ஒரு ராத்திரி முழுக்கப் பெய்து விடிகாலையில் நின்றது. வெயில் வந்து ஈர இலைகளில் பட்டதும் மலையிலிருந்த அத்தனை இலைகளும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தன. சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை, நிறையப் பேர் ஒன்றாகப் பாய் விரிக்கிற மாதிரி. ஊர் ஜனங்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து நின்று தங்கள் சொற்கள் போவதைப் பார்த்தார்கள். டீக்கடையிலிருந்து தேர்தல் போயிற்று, கோயிலிலிருந்து ஒரு முழுப் பிரசங்கம் போயிற்று, பாவசங்கீர்த்தனத் தொட்டியை ஃபாதர் திறந்துவிட்டுவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். எட்டாம் வாய்ப்பாடு வரிசை கலையாமல் போயிற்று, தலைகீழாகச் சொன்ன தப்பு விடைகள் பின்னாலேயே ஓடின. கழித்த இடத்தில் கை அகலத் துளிர் விட்டிருந்த சந்தன வேம்பு, அந்தப் பிஞ்சு இலைகளைக்கொண்டு, தன் அடியில் நின்ற சேசுராணியின் வாக்கியத்தை எடுத்துக்கொண்டது, அவள் பின்வாசலில் நின்ற என்னுடையதையும் எடுத்துக்கொண்டது, இரண்டையும் ஒரே கிளையில்தான் வைத்திருக்கும்.

அறைக்குள் ஓடினேன். அருளப்பனைச் சுற்றி நின்றதெல்லாம் ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியாகக் கட்டிலுக்கு மேலிருந்ததும் கிளம்பியது. ஜன்னலை அறைந்து சாத்தியிருப்பேன், கை கொக்கி வரைக்கும் போயிற்று. அப்போது அவர் நெஞ்சு எழும்பியது, தடங்கல் இல்லாமல், ஒரே இழுப்பில், நான் மறந்தே போயிருந்த அளவுக்கு ஆழமாக. கையை எடுத்துக்கொண்டேன். பழக்கமில்ல என்று என் கன்னத்தை உரசிச் சொல்லிவிட்டு அது வெளியே போய் இலைக்குள் நுழைந்தது. மறுபடி சொல்லுகிற மனிதர் இல்லை அவர். எனக்குத் தெரியும். வாயைத் திறந்தபடி, குறட்டை விட்டுத் தூங்கினார், படுத்த வாக்கில்.

நான் சமையல்கட்டு வாசலுக்குப் போய், மழையில் நனைந்து கனத்துக் கிடந்த அந்தக் கட்டையைத் தூக்கப் பார்த்து, முடியாமல், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காலால் உருட்டியே வேலி வரைக்கும் கொண்டுபோனேன். அந்தப் பக்கம் சேசுராணியின் சமையல்கட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் நடமாடுகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது, காது கொடுத்துக்கொண்டு நிற்கிறாள் என்று புரிந்தது. இப்போது எரித்தால் அவளுக்கு ஒரே ஒரு தடவை கேட்கும், அவ்வளவுதான், குழம்பு என்ன என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் மரம் அதை எடுத்துக்கொண்டுவிடும், பதில் சொல்லக்கூட நேரமிருக்காது. எரிக்காவிட்டால் காலமெல்லாம் ஒரு கட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவள் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது எவ்வளவு என்று அந்தக் கட்டையின் கனம் என் காலுக்குச் சொல்லியது.

"சேசு," என்றேன். என் குரல் வாயைவிட்டு வந்ததும் ஒரு நொடிகூட நிற்கவில்லை, மேலே சந்தன வேம்பு வாங்கிக்கொண்டது. அவள் காதுக்குப் போனதா, அதற்குள் மரத்துக்குப் போனதா, தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டேன்.

"சேசு, கட்டையைக் கொண்டாந்திருக்கேன். ஈரம் காயட்டும். நீ அதை வைக்கிற அன்னைக்கு மட்டும் தனியா உக்காராத, என்னையும் ஒரு வார்த்தை கூப்பிடு."